ஹுக்கத் பகுதியை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூதர்கள் தோராவை (மோசேயின் ஐந்து நூல்களை) 54 பகுதிகளாகப் பிரித்து வாராவாரம் வாசித்து ஒரு வருடத்தில் முடிப்பார்கள். அதில் ஹுக்கத் (எண்ணாகமம் 19 முதல் 22:1 வரை) வரும் வாரம் பேச்செல்லாம் ஒரே கேள்வியில் போய் நிற்கும்: தண்ணீர் வர கன்மலையோடு பேசச் சொன்னார் கடவுள், மோசே கோலால் இரண்டு தரம் அடித்தார், அதற்காகவா கானானுக்குள் போகவே கூடாது என்று தீர்ப்பு?

இப்படி நேராகக் கன்மலைக்கு ஓடுவதுதான் பெரிய தவறு. 20-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். காதேசில் மிரியாம் இறக்கிறாள், அங்கேயே அடக்கம் செய்கிறார்கள். அடுத்த வசனத்திலேயே தண்ணீர் இல்லை என்று சண்டை. அதிகாரக் கடைசியில் ஆரோன் இறக்கும்போது ஜனங்கள் 30 நாள் துக்கம் காத்தார்கள் என்று எழுதியிருக்கிறது, ஆனால் மிரியாமுக்காக யாரும் அழுததாக ஒரு வார்த்தைகூட இல்லை. நாணற்பெட்டியில் கிடந்த தம்பி மோசேயை நைல் கரையில் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா அவள். "கலகக்காரரே, கேளுங்கள்" என்று மோசே கத்துவதை இதை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால், எனக்கு அதில் கோபத்துக்கு முன்னால் துக்கம்தான் கேட்கிறது.

அதற்காக, ஐயோ பாவம் என்று சொல்லி அவர் செய்ததைச் சரியாக்கிவிடவும் வேண்டாம். எதிரே நின்றவர்களுக்கு உண்மையிலேயே தாகம். தண்ணீரும் ஏராளமாக வந்தது, தலைவர் தவறியதற்கு அவர்களைக் கடவுள் காயப்போடவில்லை.

அப்புறம் இன்னொரு தவறு, தீர்ப்புக்குக் காரணம் இதுதான் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்வது. இடைக்கால யூத உரையாசிரியர்கள் மூவர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். பேசாமல் அடித்தது என்கிறார் ராஷி. யாத்திராகமம் 17-இல் அடிக்கத்தான் சொல்லியிருந்தது, அது எகிப்தை விட்டு வந்த புதிதில். மைமோனிதெஸ் கோபம்தான் குற்றம் என்கிறார். "நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ" என்றதில் அந்த 'நாங்கள்' தவறு என்பது நக்மானிதெஸ் எடுத்துச் சொல்லும் விளக்கம். நான் மைமோனிதெஸ் பக்கம். ஆனால் வசனத்தில் இருப்பது 'நீங்கள் என்னை விசுவாசியாமல் போனீர்கள்' என்ற பொருளில் ஒரு வரி மட்டும்தான், எந்தச் செயல் என்று அது பிரித்துச் சொல்லவில்லை.

தீர்ப்போடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். 14-ஆம் வசனத்திலேயே மோசே ஏதோம் நாட்டுக்குத் தூதர்களை அனுப்பி வழி கேட்கிறார், தான் போய்ச் சேரப்போவதில்லை என்று தெரிந்த கானான் தேசத்துக்கு. பிறகு ஓர் என்னும் பெயருள்ள மலைமேல் ஏறி, அண்ணன் ஆரோனின் ஆசாரிய உடைகளைத் தன் கையாலேயே கழற்றி, பக்கத்தில் நிற்கும் ஆரோனின் மகன் எலெயாசாருக்கு உடுத்துகிறார்.