பழைய அவுட்போர்டு போட் வாங்கியாச்சா? தண்ணில இறக்கறதுக்கு முன்னாடி ட்ரெய்லரைப் பாருங்க

அவுட்போர்டு போட்டை, அதாவது பின்பலகைல வெளிய இன்ஜின் மாட்டின போட்டை, செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க இன்ஜின் ஸ்டார்ட் ஆகுதான்னு பாத்துட்டு காசைக் குடுத்துடறாங்க, ட்ரெய்லருக்கு அடியில யாரும் குனிஞ்சு பாக்கறதில்ல. முதல் ட்ரிப் நிறைய பேருக்குக் கெடறது ரோட்டுலதான், அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கறேன்.

முதல்ல வீல் பேரிங். ஓடி சூடான ஹப்பை (பேரிங் இருக்கற வீலோட நடுப்பகுதி) அப்படியே தண்ணில இறக்குனா உள்ள இருக்கற காத்து சுருங்கி சீல் வழியா தண்ணியை இழுத்துக்கும், கிரீஸ் கெட்டு துரு ஏறி ஒருநாள் நடுரோட்டுல வீலே கழண்டு ஓடும். பழைய ஓனர் "இப்பதான் கிரீஸ் போட்டேன்"னு சொல்லுவாரு, சொல்லட்டும், நீங்க கழட்டி தொடைச்சு சீலைப் புதுசா மாத்தி மெரைன் கிரீஸ் வச்சு மூடுங்க. வீலைத் தூக்கி கையால சுத்தும்போது கரகரன்னா, இல்ல மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டும்போது ரொம்ப லூசா இருந்தா, பேரிங்கையும் மாத்திடுங்க. கிளம்பி கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்க, வெதுவெதுப்புன்னா பரவால்ல, கை வைக்கவே முடியலன்னா அதுக்கு மேல ஓட்டாதீங்க.

ட்ரெய்லர் டயர் தேயறதுக்கு முன்னாடி வெயில்ல நின்னே வீணாப்போயிடும், சைடுல விரிசல் இருக்கான்னு பாருங்க. ஸ்டெப்னி இருக்கா, கார்ல இருக்கற ஸ்பேனர் ட்ரெய்லர் நட்டுக்கு சேருதான்னு வீட்டுலயே பாத்துக்கறது நல்லது.

அடுத்தது வெயிட். போட், ட்ரெய்லர் எல்லாம் சேந்த மொத்த எடையில 5-ல இருந்து 10 சதவீதம் ஹிட்ச் (கார்ல ட்ரெய்லரை மாட்டற இடம்) மேல உக்காரணும். பின்பக்கம் கனமா இருந்தா வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் பாம்பு மாதிரி வளைய ஆரம்பிக்கும், அப்ப பிரேக்கை மிதிக்காம ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க, வேகம் குறைஞ்சதும் ஓரங்கட்டி உள்ள இருக்கற சாமானை முன்னாடி தள்ளுங்க. போட் எடைன்னு கம்பெனி போடற நம்பர்ல பெரும்பாலும் இன்ஜினும் பேட்டரியும் பெட்ரோலும் சேராது, 100 லிட்டர் பெட்ரோலே கிட்டத்தட்ட 75 கிலோ வரும், உங்க கார் எவ்வளவு இழுக்கும்னு பாக்கும்போது இதெல்லாம் கூட்டிக்கணும். சேஃப்டி செயினை ஹிட்ச்சுக்கு அடியில குறுக்க மாட்டுங்க, கப்ளர் (ஹிட்ச்ல மாட்டற ட்ரெய்லர் முனை) கழண்டாலும் ட்ரெய்லரோட முன்பக்கம் செயின் மேலதான் விழும், ரோட்டுல குத்தாது. முன்னாடி போட்டை ட்ரெய்லர் மேல இழுத்துப் பிடிக்கற வின்ச் மட்டும் போதாது, பின்னாடி ரெண்டு பக்கமும் ஸ்ட்ராப் போட்டு இறுக்குங்க.

இப்ப இன்ஜின். தண்ணி இல்லாம ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீங்க, இன்ஜினைக் குளிர வைக்க தண்ணியை ஏத்தற ரப்பர் இம்பெல்லர் உடனே போயிடும். ஹோஸ்ல மாட்டற ஃப்ளஷ் மஃப் (இன்ஜின் தண்ணி இழுக்கற ஓட்டை மேல வைக்கற ரப்பர் கப்) வச்சு ஓட்டுங்க, இன்ஜினோட சைடுல இருக்கற சின்ன ஓட்டைல தண்ணி நல்லா பீச்சணும், சொட்டு சொட்டா வந்தா ஓட்டை அடைச்சிருக்கலாம், இல்ல இம்பெல்லர் முடிஞ்சிருக்கலாம். எப்ப மாத்துனாங்கன்னு தெரியலன்னா மாத்திடறதே மேல். இன்ஜினோட கீழ்ப்பகுதில இருக்கற கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க, பால் கலந்த மாதிரி இருந்தா சீல் போச்சு, தண்ணி உள்ள போயிருக்கு. புதுசா ஊத்தும்போது கீழ் ஓட்டை வழியா ஏத்தணும், மேல் ஓட்டைல வழியற வரைக்கும்.

பழைய பெட்ரோலை டேங்க்ல இருந்து எடுத்துடுங்க. டூ ஸ்ட்ரோக்னா ஆயில் கலக்கணும், 50:1 (50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி. ஆனா எல்லா பழைய இன்ஜினும் 50:1 இல்ல, மேனுவல்ல என்ன சொல்லியிருக்கோ அதான். ஃபோர் ஸ்ட்ரோக்குல கலக்கவே கூடாது.

இன்ஜின் மாட்டியிருக்கற பின்பலகையையும் தட்டிப் பாருங்க, மரம் ஊறிப்போயிருந்தா டொக்குன்னு செத்த சத்தம் வரும். இன்ஜினோட கீழ்ப்பக்கத்தைப் பிடிச்சு தூக்கும்போது பலகை வளைஞ்சா, இன்னும் வாங்கலன்னா விலை பேசறதையே நிறுத்திடுங்க. ப்ரொப்பெல்லருக்கு மேல இருக்கற தட்டு போட்டோட அடிமட்டத்துக்கு நேரா, இல்ல ஒரு இன்ச் மேல இருக்கற மாதிரி இன்ஜினை மாட்டுங்க. ஓடும்போது மூக்கு குதிச்சுக்கிட்டே இருந்தா இன்ஜினோட கீழ்ப்பக்கத்தை இன்னும் போட் பக்கமா சாய்க்கணும்.

இறக்கற இடத்துல ட்ரெய்லர் லைட் பிளக்கைக் கழட்டுங்க, ஹப் ஆற விடுங்க, டிரெயின் பிளக்கை (போட்ல தண்ணி வெளியேறற ஓட்டையை அடைக்கற மூடி) மாட்டுங்க. ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கோட அடிப்பக்கத்துல கை வைங்க, கை போற பக்கமே ட்ரெய்லரும் போகும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கில் ஸ்விட்ச் கயிறை (நீங்க விழுந்தா இன்ஜினை நிறுத்தறது) உடம்புல மாட்டிக்குங்க. உப்புத்தண்ணில ஓட்டிட்டு வந்தா அன்னைக்கே நல்ல தண்ணி விட்டு இன்ஜினை அலசுங்க, ட்ரெய்லரையும் சேத்து.