வீவக அடுப்படியில் 10 லிட்டர் பேல் ஏல்: ஒரே பானை, ஒரே ஹாப்ஸ்

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பேல் ஏல் என்ற வெளிர் பீரைக் காய்ச்சினால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கொதித்த வோர்ட்டை (மால்ட் ஊறிய இனிப்புச் சாற்றை) 20 டிகிரிக்கு ஆறவைக்கச் சொல்வார்கள். நம் குழாயில் வரும் தண்ணீரே 28, 29 டிகிரி. அப்புறம் இரண்டு வாரம் 18 டிகிரியில் வைக்கச் சொல்வார்கள். அதற்கென்று தனி ஃபிரிட்ஜ் வேண்டும். ஈஸ்ட்டை மாற்றினால் இரண்டு தொல்லையும் போய்விடும். நார்வே பண்ணை வீடுகளில் புழங்கிவந்த வோஸ் க்வைக் என்ற ஈஸ்ட் 35 முதல் 40 டிகிரியில்தான் நன்றாக வேலை செய்யும். நம் ஊர்ச் சூடு அதற்குத் தோது.

முதலில் சட்டம். காய்ச்சுபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், குடியிருக்கும் வீட்டில்தான் காய்ச்ச வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. விற்கக் கூடாது. வாலை வைத்துச் சாராயம் வடிப்பது அறவே கூடாது.

வேண்டியவை

பேல் ஏல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 2.3 கிலோ, வெளிர் கிரிஸ்டல் மால்ட் 200 கிராம், கசப்பும் மணமும் தரும் சிட்ரா வகை ஹாப்ஸ் பூ வில்லை 75 கிராம், வோஸ் க்வைக் உலர் ஈஸ்ட் 5 கிராம், ஈஸ்ட் ஊட்டம் கால் தேக்கரண்டி, கேம்ப்டன் மாத்திரை கால் பங்கு. மால்ட்டைக் கடையிலேயே உடைத்து வாங்குங்கள், ஆனால் காய்ச்சும் வாரத்தில் மட்டும். உடைத்த மால்ட் இந்த ஈரப்பதத்தில் சீக்கிரம் நமத்துப்போகும், வண்டும் பிடிக்கும்.

பாத்திரம் என்று பார்த்தால் 20 லிட்டர் பானை, அதன் உள்ளே விரியும் மெல்லிய நைலான் வலைப்பை, வெப்பமானி, ஹைட்ரோமீட்டர் (சர்க்கரைச் செறிவை அளப்பது), குழாய் வைத்த 15 லிட்டர் உணவுத்தர வாளி, ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பான்), பாட்டிலுக்கு மூடி அடிக்கும் கருவி. சமையலறைத் தராசு ஒரு கிராம் வரை காட்டினால் போதும்.

தண்ணீரும் ஊறலும்

பானையில் 15.5 லிட்டர் குழாய்த் தண்ணீர் பிடித்துக் கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துக் கலக்குங்கள். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரமின் இருக்கிறது, அதைப் போக்கத்தான் இந்த மாத்திரை. ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தாலும் அது அவ்வளவாகப் போகாது. விட்டுவைத்தால் மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் உள்ள பொருள்களோடு சேர்ந்து குளோரோபீனால் ஆகிவிடும். குடிக்கும்போது காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் வாடை அடிக்கும், எத்தனை மாதம் வைத்தாலும் மாறாது.

தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி அடுப்பை அணையுங்கள். பையை விரித்து மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறுங்கள். உள்ளே உலர்ந்த கட்டி நின்றால் அந்த மாவு வீண். கிளறி முடித்ததும் 67 டிகிரி காட்ட வேண்டும். ஒன்றிரண்டு டிகிரி கூடினால் பீர் கொஞ்சம் கனமாக வரும், குறைந்தால் வறண்டு வரும். இரண்டும் குடிக்கத் தக்கதே. 72-ஐத் தாண்டினால்தான் நொதிப்பொருள்கள் வேகமாகச் செயலிழக்கும்.

மூடி, பழைய போர்வையைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு பையைத் தூக்கிச் சொட்டவிட்டு, கையுறை போட்டுப் பிழியுங்கள். பிழிந்தால் துவர்க்கும் என்று சொல்வார்கள், பயப்பட வேண்டாம். துவர்ப்பு அதிகச் சூட்டிலும் காரத்தன்மையிலும் வருவது, கைப்பிழியலில் அல்ல. சக்கை ஈரத்தோடு கனமாக இருக்கும். சில மணி நேரத்தில் புளித்து நாறும் என்பதால் இரண்டு பையில் கட்டி அன்றே குப்பையில் போட்டுவிடுங்கள்.

கொதி

இப்போது பானையில் 13.5 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். கொதி வரும் நேரத்தில் பக்கத்தை விட்டு நகராதீர்கள். முதல் நுரை பால் பொங்குவதைப் போல ஒரே மூச்சில் ஏறும், அடுப்பில் காய்ந்த வோர்ட்டைச் சுரண்டுவது பெரும்பாடு. மூடியைத் திறந்தே வைத்து ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். மூன்று லிட்டர் அளவுக்கு ஆவியாகும். ஜன்னலைத் திறந்து மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள்.

கொதி தொடங்கியதும் சிட்ரா 5 கிராம். இது கசப்புக்கு. கடைசிப் பத்து நிமிடத்தில் 15 கிராமும் ஈஸ்ட் ஊட்டமும். க்வைக் பசிக்காரன், இந்த அளவு லேசான வோர்ட்டில் ஊட்டம் இல்லாவிட்டால் மந்தமாகிவிடும். அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறங்கியதும் 25 கிராம் போட்டு இருபது நிமிடம் ஊறவிடுங்கள். மணம் பெரும்பாலும் இதில்தான். மீதி 30 கிராமைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள்.

இந்த அளவெல்லாம் கசப்புத் தரும் ஆல்ஃபா அமிலம் 12 சதவீதம் உள்ள சிட்ராவுக்கு. 6 சதவீதக் கேஸ்கேட் வகை ஹாப்ஸ் கிடைத்தால் முதல் 5 கிராமை 10 ஆக்குங்கள், மணத்துக்குப் போடுவதை அப்படியே விடுங்கள்.

ஆறவைத்து ஈஸ்ட் போடுதல்

இங்கிருந்து வோர்ட்டைத் தொடும் எல்லாமும் கிருமிநீக்கம் ஆகியிருக்க வேண்டும். ஸ்டார் சான் கிருமிநீக்கி என்றால் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லி, அதன் நுரை இருந்தால் இருக்கட்டும், அலச வேண்டாம். பிளீச் வேண்டாம், மறுபடியும் பிளாஸ்டர் வாடைதான்.

சிங்க்கில் தண்ணீர் நிரப்பிப் பானையை இறக்கி, தண்ணீர் சூடாகும்போதெல்லாம் மாற்றுங்கள். 35 டிகிரி வந்தால் போதும். அடிக்கசடு ஒரு லிட்டரை விட்டுவிட்டு வாளிக்கு மாற்றுங்கள். உயரத்திலிருந்து சலசலவென்று ஊற்றினால் ஈஸ்ட்டுக்கு வேண்டிய ஆக்சிஜன் கிடைக்கும். கொஞ்சம் எடுத்து 30 டிகிரிக்கு ஆறவிட்டு அளந்தால் ஹைட்ரோமீட்டர் 1.045 காட்டும். பெரும்பாலானவை 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. 30 டிகிரியில் இரண்டு மூன்று புள்ளி (0.002, 0.003) குறைத்துக் காட்டும், ஆக உண்மை 1.048-ஐ ஒட்டி. ஈஸ்ட்டைத் தூவி மூடுங்கள். வாளியைத் துணியால் சுற்றி, ஏர்கான் படாத மூலையில் வையுங்கள்.

மறுநாளே நுரைக்கும். ஏர்லாக்கில் குமிழ் வரவில்லை என்று பதற வேண்டாம், மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் அப்படித்தான். ஹைட்ரோமீட்டரை மட்டும் நம்புங்கள். மூன்றாம் அல்லது நான்காம் நாள் 1.012 பக்கம் வந்திருக்கும். அப்போது மீதி 30 கிராம் ஹாப்ஸைப் போட்டுச் சட்டென்று மூடி, மூன்று நாள் விடுங்கள்.

பாட்டில்

அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஹாப்ஸிலும் கொஞ்சம் நொதிப்பொருள் உண்டு. அது மிச்சமிருக்கும் மாவுச்சர்க்கரையை உடைக்க, அடங்கிய ஈஸ்ட் மறுபடி கிளம்பும். ஹாப்ஸ் போடும் முன் அளந்ததை வைத்துப் பாட்டிலில் அடைத்தால், நம் ஊர்ச் சூட்டில் பாட்டில் வெடிக்கலாம். எனவே ஹாப்ஸ் போட்ட பிறகு மறுபடி அளந்து, இரண்டு நாள் ஒரே எண் காட்டினால்தான் அடைக்க வேண்டும். முடிவு 1.010-இலிருந்து 1.012 வரை, சாராயச் சத்து 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

ஒன்பதரை லிட்டருக்குச் சாதா வெள்ளைச் சர்க்கரை 65 கிராம். 150 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, கிருமிநீக்கிய இன்னொரு வாளியில் ஊற்றி, அதன்மேல் குழாய் வழியாகப் பீரைச் சத்தமில்லாமல் இறக்குங்கள். இப்போது காற்றுக் கலந்தால் ஹாப்ஸ் மணம் போய் ஈர அட்டைப்பெட்டி வாடை வரும். மற்ற நாட்டுக் குறிப்பின் சர்க்கரை அளவு இங்கே பொருந்தாது: சூடான பீரில் தங்கும் வாயு குறைவு, அதனால் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

330 மில்லி பழுப்புப் பாட்டில் 28 பிடிக்கும். திருகுமூடிப் பாட்டில் கிரவுன் மூடியை (அடித்து மூடும் தகர மூடியை) இறுகப் பிடிக்காது, அதை ஒதுக்குங்கள். அறைச் சூட்டில் ஒரு வாரம் அலமாரிக்குள் வைத்து, ஒன்றைக் குளிரவைத்துத் திறந்து பாருங்கள். வாயு ஏறியிருந்தால் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். 30 டிகிரியில் சிட்ராவின் மணம் சில வாரம்கூட நிற்காது. ஊற்றும்போது அடியில் படிந்த ஈஸ்ட் ஒரு விரல்கடை பாட்டிலிலேயே இருக்கட்டும்.