மதுரையிலிருந்து ஓர் அறிவியல் புனைகதை: முதல் சிறுகதையை எழுதி முடிப்பதற்கான செய்முறை

அறிவியல் புனைகதை எழுத ஆசைப்படும் நம் பக்கத்து இளைஞர்கள் பலர், முதல் கதையையே ஏதோவொரு வெளிநாட்டு நகரத்திலோ விண்கலத்துக்குள்ளோ தொடங்கி, மூன்றாம் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். கற்பனைக் குறைவு இதற்குக் காரணமன்று. நேரில் அறியாத இடத்தில் எது மாறினால் எது குலையும் என்று யாராலும் கணிக்க முடியாது என்பதே காரணம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை அறிந்தவருக்கு அங்கே ஒன்று மாறினால் யார் யாருக்கு என்னவாகும் என்பது தானாகவே தெரியும். ஆகவே இந்த விளக்கம் முழுவதும் மதுரையை வைத்து ஒரே ஒரு கதையை அடியிலிருந்து கட்டிக் காட்டுகிறேன். நீங்கள் உங்கள் ஊரையும் உங்கள் தொழிலையும் வைத்து இதே படிகளில் எழுதிப் பார்க்கலாம்.

முதல் படி: எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து படியுங்கள்

நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இதற்கு நல்ல இடம். அங்கே போவதற்கு முன் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கதையாசிரியர் உலகத்தில் எதை மாற்றினார்?

இந்தக் கேள்வியோடு படித்தால் உலகின் பல மூலைகளில் எழுதப்பட்ட கதைகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது புலப்படும். வங்காள விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் 1896இல் எழுதிய கதையில், கடலில் வீசப்பட்ட ஒரு புட்டி தலைமுடி எண்ணெய் புயலையே அடக்கிவிடுகிறது. ரொக்கேயா என்ற வங்கப் பெண்மணி 1905இல் எழுதிய கதையில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் வெயிலின் வெப்பத்தையும் மேகத்தின் நீரையும் பயன்படுத்தி நாட்டை நடத்துகிறார்கள். அந்தக் கதை முதலில் அச்சானது நம் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு மகளிர் இதழில்தான் என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. போலந்தின் ஸ்தனிஸ்லாவ் லெம் 1961இல் ஒரு கிரகத்தின் கடல் முழுவதையுமே உயிருள்ள ஒன்றாக வைத்தார். அமெரிக்காவின் உர்சுலா லெ குவின் 1969இல் நிலையான ஆண், பெண் பால் இல்லாத மனிதர்களைப் படைத்தார். தமிழில் சுஜாதா 1980களில் வார இதழ்த் தொடராக எழுதியதில் ஜீனோ என்ற இயந்திர நாய் சிந்திக்கவும் வாதாடவும் தொடங்குகிறது. சீனாவின் லியு சிசின் எழுதிய நாவல் 2015இல் இந்த வகை எழுத்துக்கான ஹ்யூகோ விருது பெற்றபோது, மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு அந்தப் பிரிவில் விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

ஒவ்வொன்றிலும் ஆசிரியர் மாற்றியது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். நாலைந்து கதைகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் அந்த மாற்றத்தை ஒரு வரியில் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதற்கு மேல் இந்தப் படிக்கு நேரம் செலவிட வேண்டாம். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுவேன் என்பவர்கள் எழுதுவதே இல்லை.

இரண்டாம் படி: ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள்

எதுவும் நடக்கலாம் என்றாகிவிட்ட கதையில் சுவை இருக்காது என்பது ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸின் கருத்து. நடக்கவே முடியாத ஒன்றை மட்டும் வாசகர் நம்பும்படி கொடுத்துவிட்டு, மற்றவற்றையெல்லாம் உள்ளது உள்ளபடியே வைக்க வேண்டும் என்பது அவருடைய வழி. அவருடைய கால இயந்திர நாவல் வெளியான அதே 1895ஆம் ஆண்டில்தான் பெரியாறு அணையும் கட்டி முடிக்கப்பட்டது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி வைகைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஒரே மாற்றத்தால் எத்தனை ஊர்களின் விவசாயமும் திருமண உறவுகளும் சண்டைகளும் மாறின என்று எண்ணிப் பாருங்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு மாற்றத்தின் விளைவு என்னவென்று வேறு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நம் எடுத்துக்காட்டுக் கதைக்கு நான் தேர்ந்தெடுக்கும் மாற்றம் இது: கட்டிய பிறகு முப்பது நாள் வாடாமல் இருக்கும் மதுரை மல்லி.

மூன்றாம் படி: அறிவியலைத் தேவையான அளவுக்கு உறுதி செய்துகொள்ளுங்கள்

பூ ஏன் வாடுகிறது? செடியிலிருந்து பறித்த பிறகும் அது சுவாசித்துக்கொண்டிருக்கிறது. சேமித்து வைத்திருந்த சர்க்கரை தீர்கிறது, நீர் ஆவியாகிறது, செல்கள் துவண்டுவிடுகின்றன. அப்படியென்றால் வாடாத பூவை உருவாக்கியவர்கள் அதன் சுவாசத்தை ஏறக்குறைய நிறுத்தியிருக்க வேண்டும். அங்கேதான் கதாசிரியருக்குப் புதையல் கிடைக்கிறது. மல்லிகை தன் மணப்பொருள்களைத் தொடர்ந்து உண்டாக்கிக் காற்றில் விட்டால்தான் மணக்கும். அதற்கு ஆற்றல் வேண்டும். சுவாசம் நின்ற பூவால் அது முடியாது. ஆகவே நம் கதையில் வரும் மல்லிகை முப்பது நாளும் வெள்ளை வெளேரென்று இருக்கும். மணமோ இரண்டாம் நாளே போய்விடும்.

நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்த விவரம் எனக்குத் தோன்றியிருக்காது. அறிவியலைக் கேட்டதால் அது தானாக வந்தது. அறிவியலைத் தடை என்று நினைத்து ஒதுங்குகிற தொடக்கநிலையாளர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இயற்கையின் விதி எங்கே உங்கள் கற்பனையை மறுக்கிறதோ அங்கே நின்று கவனியுங்கள். கதைக்கு வேண்டிய சரக்கு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும்.

மாயமும் அற்புதமும் நிறைந்த மிகுபுனைவு எழுதுவோருக்கும் இது பொருந்தும். சொக்கநாதர் சித்தராக வந்து கல் யானையைக் கரும்பு தின்ன வைத்த திருவிளையாடலை நாமெல்லாம் அறிவோம். அது இறைவனின் செயலாதலால் அங்கே விளக்கம் தேவைப்படுவதில்லை. ஆனால் உங்கள் கதையில் ஒரு சாதாரணக் கல்தச்சர் கல் யானைக்கு உயிர் கொடுக்கிறார் என்றால், அதற்காக அவர் எதை இழக்கிறார், எத்தனை முறை அவரால் அப்படிச் செய்ய முடியும், யானைமலைக்கு எதிரே போய் நின்றால் என்னவாகும் என்பதற்கெல்லாம் விதி வகுக்க வேண்டும். விதியை வகுத்த பிறகு முடிவு வரை அதை மீறாதீர்கள்.

நான்காம் படி: விளைவுகளை மூன்று அடுக்குகளாக எழுதுங்கள்

ஒரு முழுத்தாளை எடுத்து மேலே மாற்றத்தை எழுதுங்கள். அதன் கீழே முதல் அடுக்கில், உடனே என்ன நடக்கும் என்று எழுதுங்கள். விடியற்காலையில் பறித்த மொட்டை அன்றைக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் போகும். முகூர்த்த நாளில் விலை ஏறுவதும் மறுநாள் சரிவதும் நிற்கும். வெளிநாட்டுக்கு அனுப்ப தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் வேண்டியிருக்காது.

இரண்டாம் அடுக்கில், அதனால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி பூவை இருப்பு வைக்கலாம் என்று மகிழ்வார். ஆனால் கமிஷன் கடைக்காரரும் இருப்பு வைப்பார், அவரிடம் கிடங்கு பெரிது. தினமும் ஒரு முழம் வாங்கிய பெண் மாதத்துக்கு ஒரு முழம் வாங்குவார். விளக்குத்தூண் அருகே உட்கார்ந்து பூக்கட்டும் பெண்ணுக்கு வேலை அநேகமாக இல்லாமல் போகும்.

பெரும்பாலான தொடக்கநிலையாளர்கள் இந்த அடுக்கோடு நிறுத்திக்கொண்டு, பூக்கட்டும் பெண்ணின் வறுமையைக் கதையாக்குவார்கள். நானும் அவர் பக்கம்தான் நிற்கிறேன், ஆனால் அது இந்த மாற்றத்துக்கு உரிய கதையன்று. பூக்கட்டும் இயந்திரம் வந்தாலும் அவருக்கு அதேதான் நடக்கும். இங்கே ஒரு சோதனை இருக்கிறது, இந்த விளக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: மாற்றத்தை உருவி எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் கதை நிற்குமானால், நீங்கள் இன்னும் உங்கள் கதையைக் கண்டடையவில்லை.

மூன்றாம் அடுக்கில் பணத்தை விட்டுவிட்டு வழக்கங்களைப் பாருங்கள். வாடுவதை நம்பி நம் வாழ்க்கையில் என்னென்ன இருக்கின்றன? சந்நிதியில் நேற்றுச் சாத்திய மாலைக்கும் இன்று சாத்திய மாலைக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். சண்டை போட்ட கணவர் சமாதானத்துக்குப் பூ வாங்கி வருவது பொருளற்றுப் போகும். கணவர் இறந்தால் மனைவி பூ வைக்கக் கூடாது என்ற கொடுமையான வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அவர் இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு வாங்கி வந்த சரம் முப்பது நாள் வாடாது என்றால்? அந்தச் சரம் வீட்டிலேயே இருக்கும். அதைத் தலையில் வைக்கவும் விடமாட்டார்கள், அது வாடவும் வாடாது.

கதை கிடைத்துவிட்டது. வாடாத பூ இல்லாமல் இந்தக் கதை இல்லை.

ஐந்தாம் படி: முதல் பத்தி

புது உலகத்தை எடுத்த எடுப்பிலேயே விளக்கிவிடத் துடிப்பது இந்த வகை எழுத்தில் எல்லாருக்கும் வரும் ஆசை. அதற்கு இடம் கொடுத்தால் பத்தி இப்படி அமையும்:

"கி.பி. 2060. மரபணுத் தொழில்நுட்பத்தின் வியக்கத்தக்க வளர்ச்சியால் விஞ்ஞானிகள் முப்பது நாள் வாடாத மல்லிகையைக் கண்டுபிடித்திருந்தனர். மதுரையில் வசித்த ஈஸ்வரி அதை மிகவும் விரும்பினாள்."

இதில் எதையும் வாசகர் கண்டறிய வேண்டியதில்லை, எல்லாம் அவர் கையில் திணிக்கப்பட்டுவிட்டது. அதே செய்தியை இப்படித் தரலாம்:

"பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். நிலைக்கண்ணாடியின் ஆணியில் தொங்கிய சரத்தின் நூலில் கடைக்காரர் கட்டிய சீட்டு அப்படியே இருந்தது. இன்னும் ஏழு நாள் மிச்சம். வாசம் மட்டும் அவர் வாங்கி வந்த மறுநாளே போயிருந்தது.

'ஏத்தா, அத எடுத்துக் குப்பையில போடக் கூடாதா?'

'வாடுனதும் போடுறேன் அத்தை.'"

ஆண்டு சொல்லப்படவில்லை, மரபணு என்ற சொல்லும் இல்லை. கடைக்காரர் சரத்தில் சீட்டுக் கட்டுகிறார் என்ற ஒரு விவரமே, இந்த ஊரில் இப்படிப்பட்ட பூ நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது என்பதை உணர்த்திவிடுகிறது. பாத்திரங்களுக்கு வியப்பூட்டாத பொருளை அவர்கள் வியந்து பேசுவதாக எழுதாதீர்கள். நாம் கைப்பேசியை எடுக்கும்போது அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவதில்லை. உரையாடலையும் நம் வீட்டுப் பேச்சிலேயே வையுங்கள். எதிர்காலத்து மதுரைக்காரர்கள் செய்தி வாசிப்பவர்களைப் போலப் பேசுவார்கள் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

ஆறாம் படி: எழுதி முடித்துக் கணக்குப் பாருங்கள்

ஆயிரத்து ஐந்நூறு சொற்களுக்குள் ஒரே வீடு, மூன்று பாத்திரங்கள் என்று வைத்துக்கொண்டு முடிவு வரை நிற்காமல் எழுதுங்கள். பிறகு திருத்தும்போது எண்களை முதலில் சரிபாருங்கள். சரம் வாங்கி ஏழு நாளில் மரணம், அதன்பின் பதினாறு நாள், ஆக இருபத்துமூன்று. முப்பதில் மிச்சம் ஏழு. இந்த வகைக் கதைகளின் வாசகர்கள் இதைக் கட்டாயம் கூட்டிப் பார்ப்பார்கள்.

ஏழாம் படி: உங்களுக்கென்று ஒரு வாசகர் வட்டம்

எழுதுபவர்களும் படிப்பவர்களும் நெருங்கிப் பழகுவது இந்த வகை இலக்கியத்தின் தனிச்சிறப்பு. ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926இல் அமெரிக்காவில் அறிவியல் புனைகதைக்கென்றே ஓர் இதழைத் தொடங்கி, வாசகர் கடிதங்களை அவரவர் முகவரியோடு வெளியிட்டார். வாசகர்கள் தங்களுக்குள் கடிதம் எழுதிக்கொண்டார்கள், சங்கங்கள் அமைத்தார்கள், சொந்தமாகக் கையிதழ்கள் நடத்தினார்கள். அவர்களுடைய முதல் உலக மாநாடு 1939இல் நியூயார்க்கில் கூடியது. அந்த மாநாடு பின்னர் 2007இல் ஜப்பானின் யோகஹாமாவிலும் 2023இல் சீனாவின் செங்டுவிலும் நடந்தது. முதல் படியில் சொன்ன ஹ்யூகோ விருதுக்கு வாக்களிப்பவர்களும் மாநாட்டில் உறுப்பினராகச் சேர்ந்த வாசகர்களே. பேராசிரியர் குழு எதுவும் இல்லை.

மதுரையில் இதற்கு ஐந்தாறு பேர் போதும். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது இந்த வகை நூல்களைப் புரட்டிக்கொண்டு நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். கூடிய பிறகு, அமெரிக்காவின் மில்ஃபோர்டு என்ற ஊரில் 1956இல் எழுத்தாளர்கள் தொடங்கிய பட்டறையின் முறையைப் பின்பற்றுங்கள். எல்லாரும் கதையை முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்ல வேண்டும். கடைசி ஆள் பேசி முடிக்கும் வரை கதையை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. நம் ஊரில் இந்தக் கடைசி விதியைக் காப்பது கடினம், ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல நீங்கள் இல்லாத இடத்தில்தான் உங்கள் கதை படிக்கப்படப் போகிறது.

வட்டத்தில் இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறியிருந்தால் அந்த இடத்தை மட்டும் மாற்றி எழுதுங்கள். பிறகு ஓர் இதழுக்கோ மின்னிதழுக்கோ அனுப்புங்கள். ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவில் தட்டச்சு செய்து, சொல் எண்ணிக்கையை மேலே குறிப்பிட்டு, வேறெங்கும் வெளிவராத கதை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கதைச் சுருக்கத்தை அஞ்சலில் எழுத வேண்டாம். பதில் வரும் வரை அதே கதையை இன்னோர் இடத்துக்கு அனுப்பாமல், குறிப்பேட்டை எடுத்து அடுத்த மாற்றத்தின் மூன்று அடுக்குகளை எழுதத் தொடங்குங்கள்.