மக்ருக் ஆடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாங்காக்கில் தாய்லாந்துச் சதுரங்கமான மக்ருக் பழக வருவோருடன் அவ்வப்போது உட்கார்ந்து ஆடுகிறேன். வருகிறவர்களில் பலர் சர்வதேசச் சதுரங்கத்தில் நல்ல தேர்ச்சி உடையவர்கள். அந்தத் தேர்ச்சியே அவர்களைத் திரும்பத் திரும்ப ஒரே வகைத் தவறுகளில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தொடக்கத்தில் நானும் செய்த தவறுகள்தாம் அவை என்பதால், அவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவற்றைச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் இதை எழுதுகிறேன். சிப்பாய் மூன்றாம் வரிசையில் நிற்கிறது, முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும், அரசனுக்கு அருகில் நிற்பது ராணியாகாது என்பவற்றை முதல் ஆட்டத்திலேயே எவரும் கற்றுக்கொள்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

காய்களை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். அரசனும் குதிரையும் நாம் அறிந்தபடியே நகரும். கோட்டையின் இடத்தில் நிற்பது படகு, நகர்வில் வேறுபாடில்லை. அரசனுக்கு வலப்புறம் நிற்கும் மெட், இந்தியச் சதுரங்கத்தின் பழைய மந்திரியைப் போலவே மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டும் நகரும். கோன் என்னும் காய் மூலைவாட்டில் நான்கு பக்கமும், நேராக முன்னாலும் ஒரு கட்டம் செல்லும். இந்தியாவில் சதுரங்க யானை இப்படி நகர்வதை 11ஆம் நூற்றாண்டில் குறித்துவைத்த அல்பிரூனி, அந்த ஐந்து கட்டங்களையும் துதிக்கைக்கும் நான்கு கால்களுக்கும் ஒப்பிட்டார்; கோனின் நகர்வை நினைவில் வைக்க அதைவிட நல்ல வழி இல்லை. சிப்பாயைச் சோழி என்றே அழைக்கிறார்கள். முற்காலத்தில் உண்மையான சோழிகளை வைத்தே ஆடினார்கள். எதிராளியின் சோழிகள் தொடக்கத்தில் நிற்கும் வரிசையை, அதாவது நமக்கு ஆறாம் வரிசையை எட்டியதும், சோழியைப் புரட்டி வைப்பார்கள். அன்றுமுதல் அது மெட்டைப் போல நகரும்.

நான்கு சோழிகளைக் காவலின்றி விடுவது

ஆட்டம் தொடங்கும் நிலையில், உங்கள் இடக்கைப் பக்கத்திலிருந்து எண்ணினால் 1, 3, 6, 8ஆம் நிரல்களில், அதாவது முன்பின்னாகச் செல்லும் கட்ட வரிசைகளில், உள்ள சோழிகளுக்குக் குதிரைகளின் காவல் இருக்கிறது. 2, 4, 5, 7ஆம் நிரல்களின் சோழிகளுக்கு எந்தக் காவலும் இல்லை. சர்வதேச ஆட்டத்திலிருந்து வருபவர் பழக்கத்தின் காரணமாக முதலில் குதிரையை எடுத்து நடுப்பக்கமாக இரண்டாம் வரிசையில் வைக்கிறார். அதனால் ஒரு சோழிக்குக் காவல் கிடைத்தாலும், அது இதுவரை காத்துநின்ற 3ஆம் நிரல் சோழியோ 6ஆம் நிரல் சோழியோ அனாதையாகிவிடுகிறது. இரண்டு கோன்களையும் நேராக ஒரு கட்டம் முன்னால் நகர்த்திப் பாருங்கள். 3ஆம் நிரலின் கோன் 2, 4ஆம் நிரல் சோழிகளையும், 6ஆம் நிரலின் கோன் 5, 7ஆம் நிரல் சோழிகளையும் காக்கத் தொடங்கும். இரண்டே நகர்வில் எட்டுச் சோழிகளுக்கும் காவல் வந்துவிடுகிறது. எதிராளியின் சோழி வந்து உரசும்போது இந்த ஒழுங்கை மாற்ற வேண்டியிருக்கும் என்பது உண்மையே. ஆனால் எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும்.

கோனை முன்னே அனுப்பும்போது அது திரும்பி வரும் வழியையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு கட்டம் செல்ல அதற்கு ஒரு நகர்வு போதும். நேர் பின்னால் உள்ள கட்டத்துக்கு வரவோ மூன்று நகர்வுகள் வேண்டும்: மூலைவாட்டில் பின்னால் ஒன்று, மீண்டும் மூலைவாட்டில் பின்னால் ஒன்று, பிறகு முன்னால் ஒன்று. ஐந்தாம் வரிசையில் தனியாக நின்று மாட்டிக்கொண்ட கோன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேஸலிங்கை எதிர்பார்த்து அரசனை நடுவில் விடுவது

அரசனையும் கோட்டையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் கேஸலிங் இங்கே இல்லை. அரசனை நீங்கள்தான் ஒவ்வோர் அடியாக நடத்திச் செல்ல வேண்டும்.

மெட்டின் நிறத்தைக் கவனிக்காமல் விடுவது

மக்ருக் பலகையில் கருப்பு வெள்ளைக் கட்டங்கள் இல்லை. ஒரே நிற மரத்தில் கோடுகள் மட்டும் இருக்கும். மெட் மூலைவாட்டில் மட்டுமே நகர்வதால், வாழ்நாள் முழுவதும் 32 கட்டங்களை மட்டுமே, அதாவது சர்வதேசப் பலகையில் ஒரே நிறமாக இருக்கும் கட்டங்களை மட்டுமே, மிதிக்கும். பலகையில் நிறம் இல்லாததால் புதியவருக்கு இது கண்ணில் படுவதில்லை. மூன்று மெட்களைச் சேர்த்துக்கொண்டு, மூன்றும் ஒரே நிறத்தில் நிற்க, எதிராளியின் அரசன் மற்ற நிறக் கட்டத்தில் எவருக்கும் அஞ்சாமல் நிற்பதைப் புரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

கணக்கு எளிது. உங்கள் இடக்கைப் பக்கத்திலிருந்து எண்ணும்போது, இரட்டைப்படை நிரலில் ஆறாம் வரிசையை எட்டிப் புரளும் சோழி, உங்கள் தொடக்க மெட் நிற்கும் அதே நிறத்தில் பிறக்கிறது. ஒற்றைப்படை நிரலில் புரள்வது எதிர் நிறத்தில் பிறக்கிறது. ஒரே நிற மெட்கள் ஒன்றையொன்று காத்துக்கொள்ளும். எதிர் நிற மெட்கள் ஒருபோதும் காத்துக்கொள்ள முடியாது, ஆனால் இரண்டும் சேர்ந்தால்தான் அரசனின் வழியை அடைக்க முடியும். ஆகவே எந்தச் சோழியை எந்த நிரலில் புரட்டப்போகிறீர்கள் என்பதை, அது எதிர்ச் சோழியை வெட்டி நிரல் மாறும் கட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

கம்போடிய விதிகளைக் கலப்பது

2023ஆம் ஆண்டு கம்போடியாவில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் அந்நாட்டின் சதுரங்கமான ஊக் சத்ராங் ஆடப்பட்டது. அதில் அரசன் முதல் நகர்வில் குதிரையைப் போலத் தாவலாம். மெட் முதல் நகர்வில் நேராக இரண்டு கட்டம் செல்லலாம். மக்ருக்கில் இரண்டும் கிடையாது.

எண்ணிப் பார்க்காமல் கடைசிக் காயை வெட்டுவது

மற்றத் தவறுகள் ஒரு சோழியையோ குதிரையையோ பறிக்கும். இந்தத் தவறு வென்று முடித்த ஆட்டத்தையே பறித்துவிடுகிறது. இன்றுவரை இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

விதி இதுதான். இரு தரப்பிலும் புரளாத சோழி ஒன்றுகூட மிஞ்சாத நிலை வந்ததும், வலுக்குறைந்தவர் தம் நகர்வுகளை எண்ணத் தொடங்கலாம். அவரிடம் அரசனைத் தவிர வேறு காய் இன்னும் இருந்தால் அது சக் கிரதான், அதாவது பலகை எண்ணிக்கை: 1இல் தொடங்கி 64 வரை. அரசன் மட்டுமே மிஞ்சிவிட்டால் அது சக் மாக், அதாவது காய் எண்ணிக்கை. இதன் வரம்பை வலுத்தவரிடம் உள்ள காய்களே தீர்மானிக்கின்றன. படகு இரண்டு இருந்தால் 8. ஒன்று இருந்தால் 16. படகே இல்லாமல் கோன் இரண்டு இருந்தால் 22. ஒன்று இருந்தால் 44. கோனும் இல்லாமல் குதிரை இரண்டு இருந்தால் 32. ஒன்று இருந்தால் 64. மெட்கள் மட்டும் இருந்தால் 64. வரம்புக்குள் செக்மேட் ஆகாவிட்டால் ஆட்டம் சமன்.

இந்தப் பட்டியலைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்கள் விட்டுவிடுவது அடுத்த வரியை: காய் எண்ணிக்கை 1இல் தொடங்குவதில்லை. இரண்டு அரசர்களையும் சேர்த்துப் பலகையில் மொத்தம் எத்தனை காய்கள் நிற்கின்றனவோ, அதற்கு அடுத்த எண்ணிலிருந்து தொடங்குகிறது. உங்களிடம் காய் கூடக் கூட உங்களுக்குக் கிடைக்கும் நகர்வு குறைகிறது.

ஒரு மாலை, சர்வதேச ஆட்டத்தில் நல்ல வலுவுள்ள இளைஞர் ஒருவர், ஓய்வுபெற்ற தாய்லாந்துக்காரர் ஒருவருடன் ஆடிக்கொண்டிருந்தார். இளைஞரிடம் அரசன், இரண்டு படகுகள், ஒரு கோன், இரண்டு மெட்கள். பெரியவரிடம் அரசனும் ஒரு குதிரையும். குதிரை காவலின்றி நின்றது. இளைஞர் ஒரு நொடியும் யோசிக்காமல் படகால் அதை வெட்டி, பலகைக்கு வெளியே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரியவர் சுட்டுவிரலால் பலகையில் நிற்கும் காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார், ஏழு. பிறகு அரசனை ஒரு கட்டம் நகர்த்தி, தெளிவான குரலில் "எட்டு" என்றார். இளைஞருக்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு நகர்வு. அதில் செக்மேட் இல்லை. ஆட்டம் சமனாயிற்று.

அந்த நிலையை நான் பலமுறை அடுக்கிக் காட்டியிருக்கிறேன், ஏனெனில் அதில் ஒரு பாடம் முழுமையாக அடங்கியிருக்கிறது. குதிரையை இலவசமாக வெட்டியதால் அவருக்குக் கிடைத்தது ஒரு நகர்வு. அதற்குப் பதிலாக ஒரு படகைக் குதிரைக்குக் கொடுத்து, வெட்டிய குதிரையைத் திருப்பி வெட்டியிருந்தால், பலகையில் ஆறு காய்கள், வரம்பு 16, கிடைப்பது பத்து நகர்வுகள். சர்வதேச ஆட்டத்தில் வளர்ந்தவருக்கு இதைக் கேட்க மனம் ஒப்பாது. ஆனால் பத்து நகர்வில் ஒரு படகும் கோனும் இரண்டு மெட்களும் செய்யக்கூடியதை, ஒரு நகர்வில் இரண்டு படகுகளால் செய்ய முடியாது. நிலைமை இதைவிடவும் மோசமாகலாம். இரண்டு படகுகள், இரண்டு கோன்கள், ஒரு குதிரை, ஒரு மெட் என்று வைத்துக்கொண்டு கடைசிக் காயை வெட்டினால், அரசர்களோடு சேர்த்து எட்டுக் காய்கள். எட்டிலிருந்து எட்டுப் போக மிச்சமில்லை. வெட்டிய அந்தக் கணமே வெற்றி கைநழுவிவிடுகிறது.

படகைக் கொடுக்க வேண்டிய அவசியமும் உண்மையில் இல்லை. மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவதும் சிறந்ததுமானது, உங்கள் சோழி ஒன்றைப் புரட்டாமல் பத்திரமாக வைத்திருப்பது. பலகையில் ஒரு சோழி இருக்கும்வரை எவரும் எண்ணத் தொடங்க முடியாது. அதை எதிராளியின் அரசன் எட்டி வெட்டிவிடாதபடி மட்டும் காத்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் நேர்மாறாக நடந்துகொள்கிறார்கள். எல்லாச் சோழிகளையும் ஓட்டிப்போய்ப் புரட்டிவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள். கடைசிச் சோழி புரளும்போது எண்ணிக்கைக்குத் தடையும் நீங்குகிறது, பலகையில் ஒரு மெட்டும் கூடுதலாக நின்று நகர்வைக் குறைக்கிறது.

இரண்டாவது, எதிராளியின் கடைசிக் காயை உயிரோடு விட்டுவைத்தே அரசனைச் சுற்றி வளைப்பது. அப்போது நடப்பது பலகை எண்ணிக்கை. 64 வரை நேரம் இருக்கிறது. அந்த இளைஞரின் ஆட்டத்தில் குதிரை எங்கே தாவினாலும் இரண்டு படகுகளும் கோனும் சேர்ந்து வேலையை முடித்திருக்கும். குதிரை ஒரே நேரத்தில் இரண்டு காய்களைத் தாக்கும் கவைத் தாக்குதலைக் கவனித்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது, வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கையை நீட்டுவதற்கு முன் கழித்துப் பார்ப்பது: வரம்பிலிருந்து, வெட்டிய பின் பலகையில் நிற்கப்போகும் மொத்தக் காய்களைக் கழியுங்கள். வருகிற எண்ணுக்குள் செக்மேட் கண்ணுக்குத் தெரிந்தால் வெட்டுங்கள். தெரியாவிட்டால் அரசனை முதலில் ஓரத்துக்குத் துரத்துங்கள். வெட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நகர்வு போதவில்லை என்ற பதற்றத்தில் அரசனுக்குப் போக்கிடம் இல்லாமல் செய்து ஸ்டேல்மேட்டில் முடிப்பவர்களும் உண்டு. மக்ருக்கிலும் அது சமன்தான்.

தோற்கும் பக்கத்தில் இருந்துகொண்டு எண்ண மறப்பது

எண்ண வேண்டியவர் வலுக்குறைந்தவர். அவருக்காக எதிராளி எண்ணமாட்டார். உரக்க எண்ணுங்கள்.

இதோடு சேர்ந்த தவறு, தோல்வி நெருங்கும்போதும் தம்முடைய ஒற்றைச் சோழியைப் பொக்கிஷமாகக் காப்பது. அந்தச் சோழி உங்கள் பக்கத்தில் நின்றாலும் எண்ணிக்கையைத் தடுக்கும். அது புரளும் வாய்ப்பில்லை என்று தெரிந்தால் கொடுத்துவிடுங்கள். பலகை எண்ணிக்கை நடக்கும்போது நிலைமை தலைகீழாகி, வெல்லும் வாய்ப்பு உங்களுக்கு வந்தால், முதலில் எண்ணுவதை நிறுத்துங்கள்; எண்ணிக்கொண்டே செக்மேட் செய்தால் அது வெற்றியாகாது, சமன் என்றே முடியும்.

பழகுவதற்கு ஒரு நிலையைச் சொல்கிறேன். அரசனும் ஒரு படகும் ஒரு பக்கம், தனி அரசன் மறுபக்கம். சர்வதேச ஆட்டத்தில் இதை எந்த நிலையிலிருந்தும் 16 நகர்வுக்குள் முடிக்கலாம் என்பதால் எவரும் இதற்கு அஞ்சுவதில்லை. மக்ருக்கில் மூன்று காய்கள் போக உங்களுக்கு உள்ளவை 13. நண்பர் ஒருவரை அமர்த்தி, அவரை 4இலிருந்து உரக்க எண்ணச் சொல்லி, தனி அரசன் பலகையின் நடுவில் நிற்கும்படி வைத்துத் தொடங்குங்கள். அது கைவந்த பிறகு இரண்டு கோன்களை வைத்துக்கொண்டு 18 நகர்வில் முயலுங்கள்.