கிரவுன்ல உப்புத்தண்ணி ஏறுனத சரி பண்ணது

ராமநாதபுரம் கடலோரம் வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் மணல்ல பழைய ஃபோர் வீல் பிக்கப் ஓட்டுறவங்க முதல்ல கிரவுன் (பின் ஆக்சில் நடுவுல இருக்க கியர் பெட்டி) ஆயில பாருங்க. என் வண்டில பின்னாடி ஊளைச் சத்தம், டிரெயின் நட்ட கழட்டுனா 90 நம்பர் ஆயில் பால் டீ கலர்ல வடியுது. பட்டறைல ஆயில் மட்டும் மாத்திருவோம்னாங்க, ஆனா தண்ணி எப்படி உள்ள போச்சுன்னு பாக்கணும்ல. கிரவுன் ஹவுசிங் மேல இருக்க பிரீதர், அதாவது காத்து போயி வர்ற மூடி, மணலும் துருவும் ஏறி சுத்தமா அடைச்சுக்கெடந்துச்சு. ஓடி சூடான கிரவுன் சட்டுன்னு முகத்துவாரத் தண்ணில எறங்குனா உள்ள இருக்க காத்து சுருங்கும், பிரீதர்ல இழுக்க வழியில்லன்னா ஆயில் சீல் வழியா உப்புத்தண்ணிய உறிஞ்சிரும்.

டீசல் ஊத்தி கழுவி, சீல் மாத்தி, புது பிரீதர்ல ரப்பர் ஹோஸ் மாட்டி சேஸ் ஓரமாவே கொண்டுபோய் டீசல் மூடிக்கும் மேல கட்டிட்டேன், நுனில சின்ன ஃபில்டர். ஹோஸ கொஞ்சம் தொளதொளன்னு விடுங்க, ஆக்சில் ஏறி எறங்கும்ல.

லோடு இல்லாம மணல்ல போனா டயர்ல 18 பிஎஸ்ஐ, தார் ரோடு வந்ததும் காத்து அடிச்சுரணும். அடிப்பாகம் கழுவ போர் தண்ணி வேணவே வேணாம், கரையோர போர்ல பாதி உப்புதான். நல்ல தண்ணி காசு குடுத்து வாங்கியாச்சும் சேஸ் உள்பக்கம் வரைக்கும் அடிங்க.