ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்: எது வேகம் என்று நீங்களே அளப்பது எப்படி?

பெங்களூரு அல்சூரில் எங்கள் கீழ்வீட்டு அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். அவருடைய லேப்டாப் 2017-இல் வாங்கியது, ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். "லினக்ஸ் போட்டா வேகமா ஓடுமாமே தம்பி, நிஜமா?" என்று கேட்டார். கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விசாரித்தால் கடைக்கு ஒரு பதில் வரும். அதனால் லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டையும் பக்கத்திலேயே நிறுவி நாங்களே அளந்தோம். போனில் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, ஒரு பேனா போதும்.

படி 1: களத்தைச் சமமாக்குங்கள்

முதலில் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டும் ஒரே கணினியில், ஒரே டிஸ்க்கில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து லினக்ஸை நேரடியாக ஓட்டி அளந்தால், அது பென் டிரைவின் வேகம்தான். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு சிக்கல் உண்டு: தட்டின் வெளி ஓரத்தில் வேகம் அதிகம், உள்ளே போகப் போகக் குறையும். கடைசிப் பகுதியில் நிறுவியது தோற்றுத்தான் போகும். அப்படிப்பட்ட டிஸ்க் என்றால், அளப்பதற்கு முன்பே சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி மாற்றிவிடுங்கள். இயங்குதளத்தை மாற்றுவதைவிட அதுதான் பெரிய வித்தியாசம் தரும்.

இரண்டிலும் எல்லா அப்டேட்டும் முடிந்திருக்கட்டும். சார்ஜர் செருகியிருக்கட்டும். பவர் அமைப்பு இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

படி 2: எழும் நேரம்

பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணையாது. இயங்குதளத்தின் உள்மையப் பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுபடி போடும்போது அதையே எடுத்துக்கொள்ளும். லினக்ஸோ ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழுகிறது. ஒருவர் பாதி வழியில் நின்று ஓட ஆரம்பிக்கிறார், இன்னொருவர் தொடக்கக் கோட்டிலிருந்து. அதனால் ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸும் முழுதாக எழும்.

எந்த இயங்குதளம் என்று கேட்கும் மெனுவில் என்டர் தட்டியதும் கடிகாரத்தை ஓட விடுங்கள். டெஸ்க்டாப் படம் தெரிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். திரை வந்த பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். பிரவுசரைத் திறந்து ஒரு பக்கம் முழுதாக வந்த பிறகு நிறுத்துங்கள். இப்படி 5 முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுங்கள். உதாரணத்துக்கு 29, 30, 31, 31, 52 நொடி வந்தால் உங்கள் விடை 31. அந்த 52, பின்னணியில் ஏதோ அப்டேட் ஓடியதாக இருக்கும்; சராசரி எடுத்தால் அது கணக்கையே கெடுத்துவிடும்.

படி 3: புராசஸர்

கோப்புகளைச் சுருக்கும் செவன்-ஜிப் மென்பொருளின் ஒரே பதிப்பை இரண்டிலும் நிறுவி, அதிலேயே இருக்கும் பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையை ஓட்டுங்கள். அதில் அகராதி அளவு (டிக்ஷனரி சைஸ்) என்ற அமைப்பை 32 எம்பி என்றே இரண்டிலும் வையுங்கள். விடை, வேகத்தின் அலகில் ஒன்றில் மிப்ஸ், மற்றதில் கிப்ஸ் என்று வந்தால் 1000 மிப்ஸ் ஒரு கிப்ஸ். விடைகள் ஏறக்குறைய சமமாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சுருக்கும் வேலையைச் செய்வது சிப். இயங்குதளத்துக்கு அதில் பங்கு குறைவு. பெரிய வித்தியாசம் வந்தால் பவர் அமைப்பையோ சூட்டையோ சந்தேகப்படுங்கள். லேப்டாப் ஆறிய பிறகு மறுபடி ஓட்டுங்கள்.

படி 4: கோப்பு நகல்

ஒரு பெரிய வீடியோவை நகலெடுங்கள். அப்புறம் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் உள்ள ஃபோல்டரை. அக்காவிடம் ஜாக்கெட் டிசைன் படங்கள் குவிந்து கிடந்தன, அதுவே போதுமாக இருந்தது. சின்னக் கோப்புகளில்தான் வித்தியாசம் தெரியும், ஏனென்றால் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் கோப்புகளை அணுகும்போதே சோதிக்கிறது. அதை அணைத்துவிட்டு அளக்காதீர்கள். தினமும் அணைத்துவிட்டா வேலை செய்யப்போகிறீர்கள்?

பென் டிரைவுக்கு நகலெடுத்தால் கவனம். லினக்ஸ் முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக எழுதும். நகல் முடிந்ததுபோலத் தெரியும், உண்மையில் முடிந்திருக்காது. வெளியே எடுக்கலாம் என்று எஜெக்ட் செய்தி வரும்போதுதான் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். இரண்டிலும் அப்படியே செய்யுங்கள்.

படி 5: ரேம்

"காலி ரேம்" எவ்வளவு என்று பார்க்கவே வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமில் சமீபத்தில் படித்த கோப்புகளை வைத்துக்கொள்வது இரண்டுக்கும் வழக்கம், கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் அவைலபிள் என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள். லினக்ஸிலும் அவைலபிள் என்ற எண்தான் கணக்கு. ஒரே பிரவுசரில் அதே 10 டேப்களைத் திறந்து வைத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

படி 6: உங்கள் சொந்த வேலை

என்னைக் கேட்டால் முக்கியமானது இதுதான். நீங்கள் தினமும் எதற்காகக் காத்திருக்கிறீர்களோ அதை அளங்கள். அக்காவுக்கு அது மூன்று வேலை: கணக்கு எக்செல் கோப்பைத் திறப்பது, பில்லை பிடிஎஃப் ஆக்குவது, வாட்ஸ்அப் வெப்பில் படம் அனுப்புவது. இரண்டு பக்கமும் எக்செல் கோப்பைத் திறக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸையே வைத்து அளந்தோம். ஒரு பக்கம் எக்செல், மறுபக்கம் லிப்ரே ஆபீஸ் என்றால் நீங்கள் ஒப்பிடுவது மென்பொருளை, இயங்குதளத்தை அல்ல.

நோட்டில் எழுதிய எண்களை அக்கா தானே கூட்டிப் பார்த்தார். இப்போது கடையில் ஓடுவது மின்ட். எம்பிராய்டரி மெஷினின் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், அதற்காக விண்டோஸ் 10 அதே டிஸ்க்கில் இன்னும் இருக்கிறது. அதற்கு ஆதரவு முடிந்துவிட்டதால், அதைத் திறக்கும்போது மட்டும் வைஃபையை அணைத்துவிடுகிறார்.