விண்டோஸ் சர்வரில் உள்ள பாதுகாப்பான இணையச் சேவையை லினக்ஸ் ஜாவா நிரலிலிருந்து அழைப்பது எப்படி?

அலுவலக விண்டோஸ் சர்வரில் டபிள்யூ.சி.எஃப். (இணையச் சேவைகளை எழுத மைக்ரோசாஃப்ட் தரும் கட்டமைப்பு) கொண்டு எழுதிய ஒரு சேவை இயங்குகிறது. உபுண்டு கணினியில் உள்ள உங்கள் ஜாவா நிரல் அதை அழைக்க வேண்டும். சேவையின் முகவரியை விண்டோஸ் உலாவியில் இட்டால் பூட்டுச் சின்னத்துடன் பக்கம் திறக்கிறது. ஆனால் நிரலை ஓட்டினால், 'பி.கே.ஐ.எக்ஸ். பாத் பில்டிங் ஃபெயில்டு', அதாவது சர்வரின் அடையாளச் சான்றிதழை நம்ப வழி கிடைக்கவில்லை என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. புதிதாக வருபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் இரண்டு மூன்று நாட்களைத் தொலைக்கிறார்கள்.

பிழை உங்கள் நிரலில் இல்லை. எந்தச் சான்றிதழ்களை நம்பலாம் என்ற பட்டியலை விண்டோஸ், லினக்ஸ், ஜாவா ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே வைத்திருக்கின்றன. அலுவலகம் தானே உருவாக்கிய வேர்ச் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களுக்கு உறுதி தரும் தலைமைச் சான்றிதழ்) நிர்வாகி விண்டோஸ் கணினிகளில் மட்டும் சேர்த்திருப்பார். ஜாவாவுக்கு அது யாரென்றே தெரியாது.

முதலில், சான்றிதழ்களைச் சோதிக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியின் 'எஸ்_கிளையன்ட்' கட்டளையால் சர்வரின் 443-ஆம் போர்ட்டைத் தொட்டுப் பாருங்கள். வெளியீட்டின் இறுதிப் பகுதியில் வரும் சரிபார்ப்பு எண் 0 எனில் எல்லாம் சரி. 19 அல்லது 20 எனில் வேர்ச் சான்றிதழ் உங்கள் கணினிக்குத் தெரியவில்லை என்று பொருள். 21 எனில், சர்வர் தன் இடைநிலைச் சான்றிதழை (தன் சான்றிதழை வேர்ச் சான்றிதழோடு இணைப்பது) அனுப்பாமல் விட்டிருக்கவே வாய்ப்பு அதிகம்; அதைச் சர்வரில்தான் திருத்த வேண்டும். விடுபட்ட இடைநிலைச் சான்றிதழைப் பல உலாவிகள் தாமே தேடி எடுத்துக்கொள்ளும் என்பதால், உலாவியில் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை.

அடுத்து, வேர்ச் சான்றிதழை நிர்வாகியிடமிருந்து பெறுங்கள். விண்டோஸில் ஏற்றுமதி செய்யும்போது 'பேஸ்-64' வடிவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கோப்பு கைக்கு வந்ததும் அதன் ஷா-256 கைரேகையை (சான்றிதழின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) தொலைபேசியில் அவரிடம் படித்துக் காட்டி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் வந்தது என்பதற்காக மட்டும் ஒரு வேர்ச் சான்றிதழை நம்பக் கூடாது. பிறகு, கோப்பின் பெயர் '.சிஆர்டி' என்று முடியுமாறு மாற்றி, 'யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்' என்பதன் கீழுள்ள 'சிஏ-சர்டிஃபிகேட்ஸ்' அடைவில் வைத்து, 'அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ்' கட்டளையை நிர்வாகி உரிமையுடன் இயக்குங்கள். உபுண்டுவின் தொகுப்பாக நிறுவிய ஓப்பன்ஜேடிகே (ஜாவாவின் திறமூல வடிவம்) இந்தப் பட்டியலையே பயன்படுத்தும். தனியாகத் தரவிறக்கிய ஜாவா எனில், அதன் நம்பிக்கைப் பட்டியலான 'சிஏசர்ட்ஸ்' கோப்பில், ஜாவாவுடன் வரும் 'கீடூல்' கருவி வழியாகச் சேர்க்க வேண்டும். அந்தக் கோப்பின் இயல்பான கடவுச்சொல் 'சேஞ்ச்இட்'. ஜாவாவைப் புதுப்பிக்கும்போது புதிய பதிப்பு தன் சொந்தக் கோப்புடன் வரும் என்பதால், இந்தப் படியை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.

இணையத்தில் தேடினால், சான்றிதழ் சரிபார்ப்பையே அணைத்துவிடும் பத்து வரி நிரல் எளிதாகக் கிடைக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், சோதனைக்காகக்கூட வேண்டாம். சோதனைக்கு எழுதியது அப்படியே பயன்பாட்டுக்குப் போய்விடும். கீழே நாம் அனுப்பவிருக்கும் கடவுச்சொல் செய்திக்குள் வெறும் எழுத்துகளாகவே செல்கிறது. அதைக் காப்பது, இணைப்பை மறையாக்கும் டி.எல்.எஸ். ஒன்றே, அதுவும் மறுமுனையில் இருப்பது யாரென்று சரிபார்த்தால் மட்டுமே.

இணைப்பு சரியானதும், சேவையின் விவரக் கோப்பிலிருந்து ஜாவா வகுப்புகளை உருவாக்குங்கள். இதற்கு ஜாவாவுடனேயே வந்த 'டபிள்யூஎஸ்இம்போர்ட்' கருவி ஜாவா 11-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதில் அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் நூலகம் போதும். 415 (செய்தியின் வடிவத்தைச் சர்வர் ஏற்கவில்லை) என்ற பதில் வந்தால், செய்தியை அமைக்கும் நெறிமுறையான சோப்பின் பதிப்பைப் பாருங்கள்: டபிள்யூ.சி.எஃப். இணைப்பு அமைப்புகளில் 'பேசிக் ஹெச்டிடிபி பைண்டிங்' சோப் 1.1-ஐயும், 'டபிள்யூஎஸ் ஹெச்டிடிபி பைண்டிங்' சோப் 1.2-ஐயும் எதிர்பார்க்கின்றன. இரண்டில் எதை வைப்பது என்ற முடிவு உங்கள் கையில் இருந்தால், ஜாவாவுக்கு முன்னதே எளிது.

கடைசியாக, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் செல்லும் பாதுகாப்புத் தலைப்பில் நேர முத்திரையும் இருக்க வேண்டும். இரு கணினிகளின் கடிகாரங்களுக்கிடையே 5 நிமிடம் வரையிலான வேறுபாட்டையே டபிள்யூ.சி.எஃப். இயல்பாக ஏற்கும். தலைப்பை நீங்களே கையால் அமைக்கிறீர்கள் என்றால், இந்திய நேரத்தை எழுதி அதன் இறுதியில் உலக நேரத்துக்கான 'இசட்' குறியைப் போட்டுவிடாதீர்கள். அந்தச் செய்தி சர்வரின் கண்ணுக்கு ஐந்தரை மணி நேரம் கழித்து எழுதப்படப் போவதாகத் தெரியும். கடவுச்சொல் சரியாகவே இருந்தாலும் அது நிராகரிக்கப்படும்.